பயணத்தில் கைவினைப் பொருளும் துணிமணியும் எங்கே வாங்குவது?

பயணம் போகிற இடத்தில் அந்த ஊருக்கே உரிய கைவினைப் பொருள், துணிமணி, நினைவுப் பொருள் எல்லாம் எங்கே வாங்கலாம் என்பதுதான் என்னிடம் வந்த கேள்வி. கூடவே ஒரு ஆதங்கமும் இருந்தது: எந்த நாட்டுக்குப் போனாலும் சுற்றுலாத் தலத்தின் வாசலில் ஒரே மாதிரிக் கடைகள், ஒரே மாதிரி சால்வைகள், ஒரே மாதிரி சாவிக்கொத்துகள். அது அங்கே செய்ததா, எங்கேயோ தொழிற்சாலையில் செய்து மூட்டையாக வந்து இறங்கியதா என்றே தெரியவில்லை என்று.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளைச் செய்கிற கைக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய் வாங்குங்கள். சில இடங்களில் நெசவாளர் வீட்டுத் திண்ணை வரைக்கும் போகலாம். சில இடங்களில் கூட்டுறவுக் கடை வரைக்கும்தான் போக முடியும். இரண்டுமே சரி. ஆனால் சுற்றுலாத் தலத்தின் வாசலும் விமான நிலையமும்தான் அந்தக் கையிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிற இடங்கள். அங்கே வாங்குவதை வேறு வழியே இல்லாதபோது வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. போன முதல் நாளே எதையும் வாங்காதீர்கள். முதல் நாள் கண்ணுக்கு எல்லாமே புதுசு, எல்லாமே அழகு. நல்லது எது, சுமாரானது எது என்று பிரித்துப் பார்க்கக் கண் பழகியிருக்காது. அந்த நாளை அருங்காட்சியகத்தில் செலவிடுங்கள். துணிக்கு, மரவேலைக்கு, மட்பாண்டத்துக்கு என்று தனி அருங்காட்சியகமே பல ஊர்களில் உண்டு. மெக்சிகோவின் வஹாகா நகரில் துணிகளுக்கென்றே ஒன்று இருக்கிறது. லாவோஸில் லுவாங் பிரபாங் நகரில் அந்நாட்டு இனக்குழுக்களின் உடைகளையும் கைவேலைகளையும் காட்டும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் மரவேலைக்கென்று பழைய சத்திரம் ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் உள்ளே நடந்தால் போதும், அப்புறம் கடைவீதியில் உங்கள் கண் தானாகவே நூற்றில் எண்பதை ஒதுக்கிவிடும்.

விலைக்கும் இதே போல ஒரு பழக்கம் வேண்டும். அதே மொராக்கோவின் மராக்கேஷில் 'ஆன்சாம்பிள் ஆர்ட்டிசனல்' என்று அரசு நடத்தும் கைவினை வளாகம் இருக்கிறது. தோல், செம்பு, மரம், நெசவு என்று ஒவ்வொரு பட்டறையிலும் ஆள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருப்பார். பொருளில் விலை எழுதியிருக்கும், பேரம் கிடையாது. அங்கே வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சந்தைக்குப் போங்கள். ஒரு தோல்பைக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பது மனதில் பதிந்திருக்கும். மெக்சிகோவில் 1974-இல் தொடங்கிய 'ஃபோனார்ட்' என்ற அரசுக் கைவினை நிறுவனத்தின் கடைகளும் இப்படித்தான் உதவும்.

சரி, எங்கே வாங்குவது என்பதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது கைவினைக் கிராமங்கள். உலகம் முழுக்க ஒரு விஷயம் ஒரே மாதிரி இருக்கிறது: ஒரு தொழில் ஒரு கிராமத்தில் வேர் பிடித்தால் அந்த ஊரே அந்தத் தொழிலில் இறங்கிவிடும். பாலியில் மாஸ் என்றால் மரச்சிற்பம், சேலுக் என்றால் வெள்ளி வேலை. வியட்நாமின் ஹனோய் பக்கத்தில் பாட் சாங் என்றால் பீங்கான். கானாவில் குமாசி நகருக்கு அருகே போன்வைர் என்றால் கென்டே என்ற வண்ணப் பட்டைத் துணி நெசவு. தாய்லாந்தின் சியாங் மாய் பக்கத்தில் போ சாங் என்றால் காகிதக் குடை. பெரிய நகரத்தில் இறங்கியதும் 'இதை எந்த ஊரில் செய்கிறார்கள்?' என்ற ஒரே கேள்வியை நாலு பேரிடம் கேளுங்கள். நாலு பேரும் ஒரே ஊர்ப் பெயரைச் சொன்னால் மறுநாள் காலை அந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.

இதற்கு வஹாகாவைப் போல வாகான இடம் நான் பார்த்ததில்லை. நகரத்தைச் சுற்றி ஒரு மணி நேரத் தூரத்துக்குள் கிராமத்துக்கு ஒரு தொழில். தெயோதித்லான் தெல் வாயே கிராமத்தில் கம்பளி விரிப்பு. சான் மார்தின் தில்காஹெதேயிலும் அர்ராஸோலாவிலும் 'அலெப்ரிஹே' என்று வண்ணம் தீட்டிய மர உருவங்கள். சான் பார்தோலோ கொயோதெபெக்கில் கறுப்பு மட்பாண்டம்.

தெயோதித்லானில் ஒரு நெசவாளர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். முற்றத்தில் நம் அம்மியைப் போலவே ஒரு கல். அதன் மேல் அந்த அம்மா சாம்பல் நிறத்தில் மிளகைவிடச் சின்னதாக இருந்த உருண்டைகளைக் கொஞ்சம் போட்டு அரைத்தார். சப்பாத்திக் கள்ளியில் வளரும் கோச்சினீல் பூச்சியைக் காயவைத்த உருண்டைகள் அவை. அரைக்க அரைக்கக் கல் முழுக்க ரத்தச் சிவப்பு. அதில் கொஞ்சம் எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, எலுமிச்சை பிழிந்தார். சிவப்பு ஒரு நொடியில் செங்காவி மாதிரி வெளுத்துப் பிரகாசமானது. அடுத்த கையில் அதே பொடியோடு சோடா உப்பைக் குழைத்தார். அது கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. ஒரே பூச்சி, புளிப்பு சேர்த்தால் ஒரு நிறம், காரம் சேர்த்தால் ஒரு நிறம். நீலத்துக்கு அவுரி. இரண்டையும் மாற்றி மாற்றித் தோய்த்தால் ஊதாவின் பல சாயல்கள் எப்படி வருகின்றன என்று நூல் கண்டுகளை வரிசையாக எடுத்துக் காட்டினார். அப்புறம் தறியில் ஓடிக்கொண்டிருந்த விரிப்பைப் பார்த்தபோது, நகரத்துக் கடையில் அதே அளவு விரிப்புக்கு ஏன் மூன்று விதமான விலை சொன்னார்கள் என்று புரிந்தது. ரசாயனச் சாயம் போட்டதும் அதே ஊரில்தான் நெய்கிறார்கள். அதில் தப்பில்லை, விலை மட்டும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். 'இந்த விரிப்பில் எந்த நிறம் பூச்சியிலிருந்து வந்தது, எந்த நிறம் டப்பாவிலிருந்து வந்தது?' என்று கேளுங்கள். தானே சாயம் தோய்க்கிறவர் ஒவ்வொரு நிறமாகத் தொட்டுச் சொல்வார். வாங்கி விற்கிறவர் 'எல்லாமே இயற்கைதான்' என்று முடித்துவிடுவார்.

கொயோதெபெக்கின் கறுப்புப் பானையிலும் இப்படி ஒரு விஷயம் உண்டு. அந்தப் பளபளப்பு மெருகுப் பூச்சால் வந்ததல்ல. 1950-களில் தோன்யா ரோசா என்ற அவ்வூர்ப் பெண்மணி, சுடுவதற்கு முன்னால் பச்சைப் பானையைக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் முறையைக் கண்டுபிடித்தார். அவரால்தான் அந்த மண்பாண்டம் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் மினுமினுப்பு நிற்க வேண்டுமென்றால் சூளையில் அதிகம் வேகவைக்க முடியாது, அதனால் அந்தப் பானையில் தண்ணீர் நிற்காது, கசிந்துவிடும். அலமாரியில் வைக்க மட்டும்தான். தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் மினுமினுப்பில்லாத சாம்பல் நிறப் பானையைக் கேட்டு வாங்க வேண்டும். கிராமத்தில் வாங்கினால் கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள்.

கிராமத்துக்குப் போகும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. நீங்களாகப் போங்கள். ஊர் எல்லையிலேயே ஒரு பெரிய கட்டடம், வாசலில் சுற்றுலாப் பேருந்துகள், முன்னறையில் பார்வைக்கு ஒரு தறி, உள்ளே பத்து அறைகளில் விற்பனை என்று இருந்தால், ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் போகிற கமிஷன் அந்த விலைக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டி உள் தெருவுக்குள் நடந்தால் வீடுகளின் வாசலில் சின்னச் சின்னப் பலகைகள் தொங்கும். தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் நுழையுங்கள்.

கிராமம் வரைக்கும் போக நேரமில்லையா? அடுத்தது கூட்டுறவுக் கடைகள். இதைப் பலர் கவனிப்பதில்லை. பெருவின் குஸ்கோ நகரில் 1996-இல் தொடங்கிய மரபு நெசவு மையம் ஒன்று இருக்கிறது. மலைக் கிராமத்து நெசவாளர்களின் துணி அங்கே வருகிறது, நெய்தவர் பெயர் துணியோடு சேர்த்தே கட்டியிருக்கும். கடைக்குள்ளேயே பெண்கள் இடுப்புத் தறியைக் கட்டிக்கொண்டு நெய்துகொண்டிருப்பார்கள். வஹாகாவில் பல வட்டாரத்துக் கைவினைப் பெண்கள் சேர்ந்து நடத்தும் கடை இருக்கிறது. லுவாங் பிரபாங்கில் 2000-இல் ஆரம்பித்த 'ஒக் பாப் டோக்' மேகாங் ஆற்றங்கரையில் தறியும் சாயத்தொட்டியுமாக ஒரு மையத்தையே நடத்துகிறது. அரைநாள் உட்கார்ந்து நெய்யக் கற்றுக்கொண்டும் வரலாம். அமெரிக்காவின் சான்டா ஃபே நகரில் பழைய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கலைஞர்கள் தினமும் விரிப்பு விரித்து உட்கார்ந்து விற்கிறார்கள். அது அருங்காட்சியகத்தின் மேற்பார்வையில் நடப்பதால், தாங்களும் தங்கள் வீட்டாரும் செய்ததை மட்டுமே அங்கே விற்கலாம். இந்த மாதிரி இடங்களில் விலை சந்தையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். நான் அதைச் சந்தோஷமாகவே கொடுப்பேன், ஏனென்றால் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது.

சந்தைகளுக்கு வந்தால் இடத்தைவிட நாள்தான் முக்கியம். எக்வடோரின் ஓட்டவாலோ சந்தை எல்லா நாளும் இருக்கும், ஆனால் சனிக்கிழமைதான் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கி வரும். குவாத்தமாலாவின் சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை வியாழன், ஞாயிறு. ஜப்பானின் கியோட்டோவில் தோஜி கோயில் வளாகச் சந்தை மாதாமாதம் 21-ஆம் தேதி, கிதானோ தென்மாங்கு சந்தை 25-ஆம் தேதி. அந்தத் தேதியைக் கணக்கு வைத்துப் பயணத்தை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளுவது வீண் வேலையே இல்லை. பழைய கிமோனோக்கள் அங்கே குவியலாகக் கிடக்கும், புதுசின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். கிமோனோத் துணி குறுகிய அகலத்தில் நெய்து, நேர் கோட்டில் வெட்டித் தைப்பது. தையலைப் பிரித்தால் முழு நீளத் துண்டுகள் அப்படியே கிடைக்கும். சட்டையாகவோ மேசை விரிப்பாகவோ மாற்றித் தைத்துக்கொள்ளலாம். எந்தச் சந்தையானாலும் விடிகாலையில் போங்கள். பதினோரு மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் விலையும் மாறிவிடும், பேசுகிற நிதானமும் போய்விடும்.

இரவுச் சந்தைகள் பார்க்க அழகு. ஆனால் பெரும்பாலான இரவுச் சந்தைகளில் உள்ளூர்க் கைவேலையோடு வெளியிலிருந்து வந்த தொழிற்சாலைச் சரக்கும் கலந்திருக்கும். மங்கின வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கவும் முடியாது. அங்கே கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்டு பகலில் வேறு கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

பழம்பெரும் மூடிய சந்தைகள் வேறு ரகம். இஸ்தான்புல்லின் கிராண்ட் பஜார் 1455 வாக்கில் கட்டத் தொடங்கியது. அறுபதுக்கு மேல் தெருக்கள், ஏறக்குறைய 4,000 கடைகள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. நடுத் தெருவிலேயே போய்த் திரும்பி வந்தால் விளக்குகளும் இனிப்புகளும்தான் தெரியும். அதைச் சுற்றிலும் 'ஹான்' என்று பழைய வணிகர் சத்திரங்கள் இருக்கின்றன. முற்றமும் மாடியுமாக இருக்கும் அந்தக் கட்டடங்களின் சின்ன அறைகளில்தான் இன்றைக்கும் வெள்ளியை உருக்குகிறார்கள், செம்பைத் தட்டுகிறார்கள். படியேறிப் பாருங்கள். உஸ்பெகிஸ்தானின் புகாராவில் 16-ஆம் நூற்றாண்டுக் குவிமாட அங்காடிகள் அழகு. ஆனால் பட்டு வேண்டுமென்றால் அதே நாட்டின் மர்கிலான் ஊருக்குப் போய்விடுவது மேல். அங்கே யோத்கோர்லிக் பட்டாலையில் பட்டுக்கூட்டைக் கொதிநீரில் போட்டு நூல் எடுப்பதிலிருந்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் தோய்ப்பது வரை எல்லாவற்றையும் பார்க்கலாம். 'அத்ரஸ்' என்று கேட்டால் பட்டுப் பாவும், குறுக்கே ஓடும் பருத்தி ஊடையுமாக நெய்த துணியைக் காட்டுவார்கள். பட்டின் மினுப்பும் இருக்கும், தினசரி உடுத்தவும் தாங்கும்.

இப்போது அசலைக் கண்டுபிடிப்பது. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் ஒரு மத்தியானம் தெருவில் ஒருவர் சிநேகமாகப் பேச்சுக் கொடுத்து, 'கலை மாணவர்களின் பாத்திக் கண்காட்சி, இன்றுதான் கடைசி நாள்' என்றார். பாத்திக் என்பது மெழுகால் சித்திரம் எழுதிச் சாயம் தோய்க்கும் துணி. போனேன். கையால் வரைந்தது என்று சொன்ன துணிக்குச் சொன்ன விலையைக் கொடுத்தேன். அந்தக் கண்காட்சிக்கு எல்லா நாளும் கடைசி நாள்தான் என்று பிற்பாடு தெரிந்தது. நாலு நாள் கழித்து நகரத்துக்குத் தெற்கே கிரிலோயோ என்ற பாத்திக் கிராமத்துக்குப் போனபோது, நான் வாங்கியது என்ன என்பதும் தெரிந்தது.

கிரிலோயோவில் ஓர் அம்மா தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மூங்கில் சட்டத்தில் வெள்ளைத் துணி தொங்கியது. பக்கத்தில் சின்ன அடுப்பில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. கையில் 'சாந்திங்' என்ற கருவி: மரப்பிடி, முனையில் சுண்டுவிரல் அளவுக்குச் செம்புக் கிண்ணி, அதிலிருந்து ஊசி மாதிரி ஒரு மூக்கு. மெழுகை மொண்டு, மூக்கை ஒருதரம் ஊதி அடைப்பை எடுத்துவிட்டு, கோடு இழுத்தார். இழுத்து முடித்ததும் துணியைத் திருப்பிப் போட்டார். பின்பக்கத்தில் தெரிந்த அதே கோட்டின் மேல் மறுபடியும் மெழுகு. இரண்டு பக்கமும் மெழுகு போட்டால்தான் சாயம் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே புகாது.

கண்டுபிடிக்கிற வழி இதிலேயே இருக்கிறது. துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் வரைந்த 'பாத்திக் துலிஸ்' இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த துணி. இரண்டு பக்கமும் அச்சடித்ததும் வருகிறது, அதனால் அடுத்ததாக ஒரே பூவை நாலு இடத்தில் தேடுங்கள். கையால் வரைந்ததில் எந்த இரண்டு பூவும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஒரு புள்ளி நகர்ந்திருக்கும், ஒரு கோடு தடித்திருக்கும். செம்பு அச்சால் மெழுகு பதித்த 'பாத்திக் சாப்' என்றால் பூ ஒன்றுபோல இருக்கும், ஆனால் அச்சும் அச்சும் சேரும் இடத்தில் மெல்லிய தள்ளாட்டம் தெரியும். அதுவும் நேர்மையான கைவேலைதான், விலை குறைவு, தினசரிச் சட்டைக்கு நான் அதையே சொல்வேன். நுணுக்கமான துலிஸ் ஒன்றுக்கு வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் ஆகும். சட்டை விலைக்கு அது கிடைக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிச்சுக் கம்பளம் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத்துச் சித்திரம் பின்னாலும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாகத் தெரிய வேண்டும், குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலிலிருந்தே நீண்டு வர வேண்டும், தனியாகத் தைத்து ஒட்டியிருக்கக் கூடாது. பஷ்மினா என்ற மெல்லிய கம்பளிச் சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினால் மயங்க வேண்டாம், விஸ்கோஸ் என்ற செயற்கை இழையில் செய்த மெல்லிசான சால்வையும் அதே மோதிரத்தில் நுழையும். கடைக்காரர் சம்மதித்தால் குஞ்சத்திலிருந்து ஒரு இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் என்ற செயற்கை இழை என்றால் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். குஸ்கோவின் தெருவோரத்தில் 'பேபி அல்பாக்கா' (அல்பாக்கா என்ற விலங்கின் மென்மையான கம்பளி) என்று மலிவாக விற்பவற்றில் நிறைய இந்த இரண்டாவது வகைதான். கெய்ரோவில் பாப்பிரஸ் (நாணலில் செய்யும் பழங்காலத் தாள்) என்று வாழைநாரை விற்பார்கள். அசல் பாப்பிரஸைச் சுருட்டினால் விரிசல் விடாது, வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் தெரியும். பனாமா தொப்பி பனாமாவில் செய்வதல்ல, எக்வடோரின் சொத்து. அந்நாட்டின் மொன்டெக்ரிஸ்தி ஊரில் நெய்வதுதான் உயர்ந்த ரகம், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவின் அடர்த்தியைப் பார்த்து விலை பேசுங்கள்.

சட்டம் துணைக்கு இருக்கும் இடங்களில் முத்திரையைத் தேடினாலே பாதி வேலை முடிந்தது. ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணிக்கென்றே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1993-இல் தனிச் சட்டம் போட்டது. வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ததை மட்டும்தான் அந்தப் பெயரில் விற்கலாம். சிலுவை தாங்கிய உருண்டைதான் அதன் அடையாளம். வெனிஸ் குடியரசு 1291-இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்ற உத்தரவிட்டது. இன்று வெனிஸ் நகரக் கடைகளில் எங்கிருந்தோ வரும் கண்ணாடிப் பொம்மைகளும் முரானோ என்று விற்பனையாவதால், 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' என்ற முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. கனடாவின் வட பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் சிற்பங்களில் பனிவீட்டுப் படம் போட்ட 'இக்லூ' சீட்டு 1958 முதல் வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2019-இல் ஒரு நிறுவனத்துக்கு நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் மற்ற பொருள்களையும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் செய்தவை போலத் தோன்றும்படி 18,000-க்கு மேல் விற்றிருந்தார்கள். அந்த மக்களின் பரம்பரைச் சித்திரத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் கைக்கு ஒரு காசு போகாமல் செய்த வியாபாரம் அது. இதைப் படித்த நாளிலிருந்து 'செய்தது யார்?' என்று கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

உடைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தைத்து வைத்த ஆடையைவிடத் துணியாக வாங்கி அங்கேயே தைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். வியட்நாமின் ஹோய் ஆன் நகரம் இதற்குப் பேர்போனது. ஆனால் 'இருபத்து நாலு மணி நேரத்தில் கோட்டு சூட்டு' என்ற பலகையை நம்பி ஊரை விட்டுக் கிளம்பும் முந்தின நாள் அளவு கொடுக்காதீர்கள். முதல் நாள் வாங்க வேண்டாம் என்றதற்கு இது மட்டும் விலக்கு: ஊருக்குள் நுழைந்த அன்றே கொடுங்கள், இரண்டு தடவையாவது போட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சட்டையை மாதிரிக்குக் கொண்டுபோங்கள், ஓரத்தில் பிடித்துத் தைக்கத் துணி விடச் சொல்லுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் வண்ண மெழுகுத் துணிகளில் உயர்ந்த ரகங்கள் பல, ஹெல்மண்ட் என்ற டச்சு ஊரில் 1846-இல் தொடங்கிய விளிஸ்கோ ஆலையிலிருந்து வருபவை. ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் போட்டது ஆப்பிரிக்காவில் போய் நிலைத்துவிட்டது. அந்த மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள், எனவே தாராளமாக வாங்கலாம். ஆனால் கைநெசவு வேண்டுமென்றால் கென்டே போன்ற துணியைத் தேடிப் போக வேண்டும்.

நினைவுப் பொருள் என்றாலே நினைவுப் பொருள் கடை என்று நினைக்க வேண்டாம். உள்ளூர் மக்கள் தங்களுக்காகப் போகிற கடைகள் இருக்கின்றனவே, பாத்திரக் கடை, காகிதக் கடை, இரும்புக் கடை, அங்கே போங்கள். டோக்கியோவில் கப்பாபாஷி தெரு முழுக்கச் சமையல் சாமான்தான். கத்தியும் கிண்ணமும் வாங்கிவந்தால் வருஷக்கணக்கில் தினமும் கையில் புழங்கும். 'தெனுகுய்' என்ற பருத்தித் துண்டு மடித்தால் கைக்குட்டை அளவு, கனமே கிடையாது, பத்துப் பேருக்குக் கொடுக்க அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

பேரத்தைப் பற்றி என் நிலை இது. சந்தையில் இடைத்தரகரோடு பேசுங்கள், அது அங்கே எதிர்பார்க்கிற ஒன்று. ஒரே கடையில் மூன்று பொருள் எடுத்துவிட்டு மொத்தத்துக்குப் பேசினால் இரண்டு பேருக்குமே லாபம். வாங்குகிற எண்ணம் இல்லாமல் விலை மட்டும் சொல்லாதீர்கள், நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்டால் வாங்கிவிட வேண்டும். ஆனால் தறியில் உட்கார்ந்திருக்கிறவரிடம், சக்கரத்தில் கை வைத்திருக்கிறவரிடம் நான் ஒரு தடவைக்கு மேல் குறைத்துக் கேட்பதில்லை. எத்தனை நாள் வேலை என்று கேட்டு, மனதுக்குள் நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். அப்புறம் கேட்க வாய் வராது. அட்டையில் பணம் கட்டும்போது அந்த இயந்திரம் உங்கள் நாட்டுப் பணத்திலா, அவர்கள் நாட்டுப் பணத்திலா என்று கேட்டால் அவர்கள் நாட்டுப் பணம் என்றே அழுத்துங்கள். மாற்று விகிதத்தில் போகிற நஷ்டம் குறையும்.

வாங்கவே கூடாதவை சில உண்டு. யானைத் தந்தம், ஆமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல், சிரு என்ற திபெத்திய மானைக் கொன்றே எடுக்க வேண்டிய ஷாதூஷ் சால்வை. கடையில் தைரியமாக விற்றாலும் எல்லை தாண்டும்போது பறிமுதலாகும், வழக்கும் வரும். அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் 'சைட்டீஸ்' என்ற சர்வதேச உடன்படிக்கை இதற்காகத்தான். பழம்பொருள் என்று சொல்லி விற்பது போலியென்றால் பணம் போயிற்று, நிஜமென்றால் சட்டம் பிடிக்கும். எகிப்து 1983-லேயே தொல்பொருள் வியாபாரத்தை முழுக்கத் தடை செய்துவிட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளை வெளியே கொண்டுபோக முடியாது. தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையைக் கொண்டுவரக் கலைத் துறையின் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் மரம், வைக்கோல், விதை, இறகு சேர்ந்த எதையும் சுங்கத்தில் சொல்லியே ஆக வேண்டும். மெக்சிகோவின் பச்சை, பழுப்புப் பூச்சுப் பாத்திரங்களில் ஈயம் இருக்கலாம். ஈயமில்லாதது என்று எழுதியிருந்தால் ஒழிய அதில் சாப்பாடு வைக்க வேண்டாம்.

கொண்டுவருவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. கம்பளம் போன்ற பெரிய சாமானைக் கடைக்காரரே அனுப்பிவைப்பதாகச் சொன்னால், அவர் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் பின்பக்கத்து மூலையில் பேனாவால் உங்கள் கையெழுத்தைப் போட்டு, அது தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்வது அதே கம்பளம்தானா என்று பார்க்க அது போதும். வரியைத் திருப்பித் தருகிற நாடாக இருந்தால் ரசீதும் பொருளும் ஒன்றாகக் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்கத்தில் காட்ட வேண்டியிருக்கும்.

மண்பாண்டத்தை நான் எப்போதும் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். உள்ளே காலுறைகளைத் திணித்து, வாயைத் துணியால் கட்டி, வெளியே சட்டைகளைச் சுற்றி, பைக்கு நடுவில். கொயோதெபெக்கின் கறுப்புப் பானை அப்படித்தான் இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தது. கட்டுவதற்கு முன், செய்தவர் தன் பெயரையும் ஊரையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் பானைக்குள்ளேயே கிடக்கிறது.